மூன்றாவது மாடியில் ஒரு கீரனூர் நாய்

எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒருநாள் காலை ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'நாய்களுக்கு அனுமதி இல்லை. படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' கீழே அசோசியேஷன் செயலாளர் கையெழுத்து. என் பக்கத்தில் நின்றிருந்த லட்டு, வாலை ஆட்டிக்கொண்டே அந்தக் காகிதத்தை அண்ணாந்து பார்த்தது. பசையின் வாசனை பிடித்திருக்கலாம்.

லட்டு சென்னை நாய் இல்லை, கீரனூர்க்காரி. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் வருகிற ஊர். அங்கே எங்கள் அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு நடுவில் பிறந்த நாலு குட்டிகளில் ஒன்று. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றெல்லாம் பெருமை சொல்லிக்கொள்ள முடியாத சாதாரண செவலை நாய். நாலு வருஷத்துக்கு முந்தைய மே மாத லீவில் போனபோது, என் மகள் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இது நம்மகூட வர்றேங்குது."

குட்டி ஒரு கொட்டாவி விட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அப்போது அதற்கு வயது நாற்பது நாள் இருக்கும்.

லிஃப்ட் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் ஒரு குடியிருப்புச் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்ல முடியாது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும், வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது என்று அபார்ட்மென்ட் விதிகளில் எழுதிவைப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் மேஜைமேல் வைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எதிர்த்தவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு எந்தத் தாய்தான் லிஃப்டுக்குள் நாயோடு சாவகாசமாக நிற்பாள்? இரண்டாவது மாடிப் பெண், "உங்க லட்டு கடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும் அண்ணா. என் பையனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இருந்தாலும் என்னிடம் சட்டம் இருந்தது. காகிதத்தைக் கிழித்தார்கள். ஜெயித்துவிட்டேன்.

மீட்டிங் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் பக்கத்தில் வந்தார். ரிட்டயர்ட் மனிதர். மெதுவாகச் சொன்னார்:

"சட்டமெல்லாம் சரி சார். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனப்புறம் அது பால்கனிக் கம்பியில மூக்கை வெச்சுக்கிட்டு நாள் பூரா ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்குது. நடுநடுவுல ஒரு மாதிரி அழுவுது. சத்தம் தொந்தரவுன்னு நான் சொல்லலை. அது ஏன்னு நீங்க பாத்தீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு மணி நேரம் நாங்கள் உரிமையைப் பற்றிக் கத்தியிருந்தோம். எனக்கு வளர்க்க உரிமை, அவர்களுக்குப் பயமில்லாமல் தூங்க உரிமை. வழக்கில் மூன்றாவதாக ஒரு கட்சிக்காரர் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

நாயிடம் கருத்துக் கேட்டதாக எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கதைதான் உண்டு. ராமாயணத்தின் உத்தர காண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கிளைக்கதை. மண்டை உடைந்த ஒரு நாய் ராமனின் வாசலுக்கு வந்து நீதி கேட்கிறது. காரணமே இல்லாமல் ஒரு பிராமணர் அடித்துவிட்டார் என்று புகார். என்ன தண்டனை கொடுப்பதென்று சபைக்குத் தெரியவில்லை. நாயே சொல்கிறது: அவரை ஒரு மடத்துக்குத் தலைவராக்கிவிடுங்கள்! போன பிறவியில் தான் அந்தப் பதவியில் இருந்துதான் இப்போது நாயாகப் பிறந்திருப்பதாக விளக்கமும் கொடுக்கிறது. இந்தக் காலமாக இருந்தால் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் ஆக்கச் சொல்லியிருக்கும். (எங்கள் செயலாளரிடமே இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.)

லட்டுவிடம் கேட்க முடிந்தால் என்ன சொல்லும்?

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பிடிக்காத ஒரு தீர்ப்பிலிருந்து இதற்கு ஒரு வழி கிடைத்தது. 2014-ல் ஜல்லிக்கட்டைத் தடை செய்து உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டைத் தச்சங்குறிச்சியில் நடத்துகிற மாவட்டம் எங்களுடையது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு ஊரே கொதித்தது. 2017-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்து, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது வேறு கதை. ஆனால் அந்த 2014 தீர்ப்பில் ஒரு பகுதி உண்டு. விலங்குகளுக்கு ஐந்து விடுதலைகள் வேண்டும் என்கிறது. பசி தாகத்திலிருந்து, பயத்திலிருந்து, வெயில் குளிர் போன்ற அசௌகரியத்திலிருந்து, வலி நோயிலிருந்து விடுதலை. ஐந்தாவது, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம்.

முதல் நாலில் லட்டுவுக்கு ஒரு குறையும் இல்லை. வேளா வேளைக்குச் சோறு, கோழி. வருஷம் தவறாமல் ரேபிஸ் தடுப்பூசி. மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் எல்லாம் பக்கா. ஏசி ரூமில் என் காலடியில்தான் படுக்கை. ஐந்தாவதில்தான் இடித்தது. எப்போது ஒன்றுக்குப் போகலாம் என்பதை என் அலுவலக நேரம் தீர்மானிக்கிறது. குரைப்பது நாயின் பேச்சு; அதைச் "ஷ்!" என்று அடக்குவதுதான் எங்கள் வீட்டில் அதிகம் கேட்கிற சத்தம். கருத்தடை ஆபரேஷனுக்கான படிவத்தில் 'உரிமையாளர்' என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் 'உரிமையாளர்' என்ற அந்த வார்த்தையில் பேனா ஒரு விநாடி நின்றது.

சின்ன வயதில் கீரனூரில் எங்கள் தெருவில் மணி என்று ஒரு நாய் இருந்தது. யார் வீட்டு நாய் என்று கேட்டால் பதில் கிடையாது. காலையில் எங்கள் வீட்டுப் பழைய சோறு, மத்தியானம் எதிர்வீட்டில் கருவாட்டுத் தலை, ராத்திரி டீக்கடை வாசல் பன். பொழுது சாய்ந்தால் கண்மாய்க் கரையில் யாரோடோ சண்டை. ரெண்டு நாள் காணாமல் போகும், காதில் காயத்தோடு திரும்பி வரும். எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை. ராத்திரி புது ஆள் தெருவுக்குள் வந்தால் குரைப்பது அதன் வேலை. அதற்கு வேலை என்று ஒன்று இருந்தது, பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. மாடு காக்கச் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். திருடனைக் கடித்துக் காவல் நின்ற நாய். ஏழாம் நூற்றாண்டில் எத்தனை மனுஷர்களுக்குக் கல்லில் பெயர் கிடைத்தது?

லட்டுவுக்கு என்ன வேலை? நாங்கள் வருகிற வரைக்கும் காத்திருப்பது.

கிராமம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மணி திருச்சி ரோட்டில் ஒரு லாரியில் அடிபட்டுத்தான் செத்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் நாய்க்கடிக்காகத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஊசி 2004, 2005 வாக்கில்தான் இந்தியாவில் வழக்கொழிந்தது. சுதந்திரமாகத் திரிந்த நாய்களில் எத்தனை முழு வயது வாழ்ந்தன என்று யோசித்தால் விரல் மடக்கக்கூட ஆள் கிடைக்காது. மணிக்குச் சுதந்திரம் இருந்தது, ஆயுசு இல்லை. லட்டுவுக்கு ஆயுசு இருக்கிறது. எது பெரிது? நமக்கே இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடையாது. ஊரில் தனியாக இருக்கிறேன் என்று அடம்பிடிக்கிற வயசான அம்மாவை, விழுந்துவிடுவாள் என்று பயந்து ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்து பூட்டிவைக்கிறவர்கள் நாம்.

போன பொங்கலுக்குக் கீரனூர் கிளம்பும்போது ஒரு முடிவோடுதான் போனேன். மகளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அத்தை வீட்டில் விட்டுவிடலாம். கொட்டகை இருக்கிறது, கொல்லை இருக்கிறது. சங்கிலி வேண்டாம். பிறந்த மண்.

காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். லட்டு இறங்கி மோந்து பார்த்தது. வால் உயர்ந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து மூன்று நாய்கள் வந்தன. அவை உறுமின, வட்டம் போட்டன. வாலை எப்படி வைக்க வேண்டும், எப்போது மல்லாந்து படுத்துச் சமாதானம் சொல்ல வேண்டும், ஒன்றும் லட்டுவுக்குத் தெரியவில்லை. ஒரு கத்துக் கத்திவிட்டுக் காருக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அந்த மூன்றில் ஒன்று, அத்தை சொன்னார், லட்டுவோடு பிறந்த குட்டி.

நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு பருவம் உண்டு. யார் தன் ஆட்கள், எது தன் உலகம் என்று அது மனதில் பதிய வைத்துக்கொள்கிற காலம். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் நாய்களை வளர்த்துப் பார்த்து 1965-ல் புத்தகமாகவே எழுதினார்கள். நாங்கள் அட்டைப்பெட்டியில் தூக்கியது சரியாக அந்தப் பருவத்தின் நடுவில். பாதி அம்மா, பாதி லிஃப்ட் சத்தம்.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"ஏம்ப்பா, வேணும்னப்ப தூக்கிட்டுப் போனே. இப்ப அதுக்கு நல்லதுன்னு விட்டுட்டுப் போறேங்குறே. ரெண்டு தடவையும் நீதானே முடிவு பண்றே?"

ஒரு விஷயம் அன்றைக்குத்தான் உறைத்தது. அதை விடுதலை செய்கிறேன் என்று நான் நினைத்ததில் பாதி, பால்கனியில் அது நிற்பதைப் பார்க்க முடியாத என் சங்கடத்திலிருந்து எனக்குக் கிடைக்கப்போகிற விடுதலை. தூக்கிவந்தது தப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர ஒரு கடை கிடையாது. கொண்டுவந்தவன்தான் கூடவே இருந்து கட்ட வேண்டும், மாசத் தவணை மாதிரி.

மறுநாள் காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது லட்டு.

இப்போது காலை ஐந்து மணிக்கு எழுந்துகொள்கிறேன். முன்பு பத்து நிமிஷம், வேலையை முடித்தால் சரி என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இப்போது ஒரு மணி நேரம். மத்தியானம் ஒருதரம் கூட்டிப்போக, செயலாளரே சாவி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது மாடிப் பையன் ஏறினால் நாங்கள் லிஃப்டை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்கிறோம். கேட்டைத் தாண்டியதும் சங்கிலியைத் தளர்த்திவிட்டு நான் அசையாமல் நிற்பேன். லட்டு இடது பக்கம் மோந்து பார்க்கும், வலது பக்கம் மோந்து பார்க்கும், யோசிக்கும். வலது பக்கம் பூங்கா. பெரும்பாலும் இடது பக்கம்தான் திரும்புகிறது. அங்கே ஒரு மீன்கடையும் அதன் குப்பைத்தொட்டியும் இருக்கின்றன. எனக்கு நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. போய்க்கொண்டிருக்கிறோம்.