பயிர் காத்தலும் உயிர் காத்தலும்

தன் நிலத்து விளைந்த பயிரை அழிக்கவரும் விலங்கை உழவன் யாது செய்யலாம் என்னும் வினாவுக்குச் சட்டம் ஒரு விடை கூறும். அறம் ஒரு விடை கூறும். இரண்டும் ஒன்றேயென்று கொள்வாரும், உழவனுக்குச் சட்டமே போதும், அறம் கற்றோர் பேச்சேயென்று கொள்வாரும் நம்முள் உளர். இவ்விரு கொள்கையும் பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியிலுள்ள கரடியனாறு, காட்டு விலங்கின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது. அதனைச் சூழ்ந்த படுவான்கரை வட்டைகளிற் கதிர் முற்றுங்காலத்து உழவர் பரண்மீதிருந்து இரவெல்லாம் விழித்திருப்பர். கடன்பட்டு விதைத்து மாதக்கணக்காக வளர்த்த வேளாண்மையை யானைக்கூட்டம் ஓரிரவில் உழக்கிவிடும். சிலபோது குடிசையும் உயிரும் உடன்போம். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 150 பேருக்கு மேற்பட்டோர் யானைகளால் மாண்டனர். 400 க்கு மேற்பட்ட யானைகளும் இறந்தன. அவற்றுட் பல மனிதர் செயலால் இறந்தவை.

இனிச் சட்டம் கூறுவது யாது? 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானையைக் காக்கப்படும் விலங்காக வைத்தன. அது நம் வயலுள் நிற்பினும் நம் உடைமையாகாது; நினைத்தவாறு கொல்லவோ பிடிக்கவோ நிலவுரிமை இடந்தராது. வனசீவராசிகள் திணைக்களத்தார்க்கு அறிவித்தலும், அவர் கொடுக்கும் யானைவெடியால் வெருட்டலும், முறைப்படி அமைத்த மின்வேலியால் தடுத்தலுமே உழவனுக்குரியன. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுதல் குற்றம். காட்டுப்பன்றிக்கோ யானைக்குரிய காவல் இல்லை. எனினும் பன்றியைக் கருதி இரையுள் மறைத்து வைக்கும் வாய்வெடி சட்டத்துக்கு மாறானதேயாம்.

ஆயின் சட்டமே அறமென்னலாமோவெனின், அற்றன்று. இத்தீவிலேயே ஆங்கில அரசினர் யானையைக் கொல்வார்க்குப் பரிசளித்த காலமும் இருந்தது. 1848 க்கு முன், மூன்றாண்டு நிரம்பாக் காலத்துள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500 யானைகளுக்கு மேல் அவ்வாறு கொல்லப்பட்டனவென எமர்சன் தெனன்ட் துரை எழுதிவைத்தார். அன்று பரிசுக்குரிய செயல் பின்னர்த் தண்டத்துக்குரியதாயிற்று. யானை படும் நோவு மாறிற்றோ? மாறியது சட்டமே. ஆகலின் சட்டம் தடுக்காதனவெல்லாம் அறமாகா. பன்றியைக் காக்கச் சட்டமின்மையால் அதனை எவ்வாறும் வதைக்கலாமென்பது பெறப்படாது. வாய்வெடியைக் கடித்த விலங்கு பெரும்பாலும் உடனே சாவதில்லை. தாடை சிதைந்து, உண்ணவும் நீர் பருகவும் மாட்டாது பலநாள் அலைந்து மடிகின்றது. பன்றிக்கு வைத்ததை யானைக்கன்றும் கடிக்கின்றது. வைத்தவன் அதனைக் காண்பதில்லை. காணாமையாற் பழி குறையுமென்று எண்ணுதல் பேதைமை.

அற்றேல், "கொல்லாமையை உரைப்பார் பட்டினத்தில் இருக்கின்றார், பசித்திருப்பவன் உழவனன்றோ?" என்பார்க்கு யாது கூறுவாம்? இவ்வினா நேர்மையான வினா. சேக்கிழார் சுவாமிகள் மனுநீதிச் சோழன் வரலாற்றில், மன்னுயிர்க்கு வரும் அச்சம் ஐந்தனுள் பிற உயிர்களால் வருவதனையும் ஒன்றாக வைத்து, அதனைத் தீர்த்தலும் அரசன் கடனென்று காட்டினார். அக்கடன் இன்று அரசாங்கத்தையும், அதனை அமைக்கும் நம் எல்லோரையும் சார்ந்தது. யானை வாழ்தல் நாட்டுக்கு நன்றாயின், அதற்காகும் செலவையும் நாடு முழுதும் இறுத்தல் வேண்டும். அழிந்த பயிர்க்கு ஈடு கொடாது உழவனை மாத்திரம் பொறுமை பூணச் சொல்லுதல், பிறன் பொருளைக்கொண்டு தானஞ் செய்தலை ஒக்கும்.

யானையைப் பிடித்து வேறு காட்டில் விடுதலே வழியென்பர் சிலர். அவ்வாறு விடப்பட்டவற்றுட் சில மீண்டுவந்தமையையும், சில புதிய ஊர்களில் இடர் விளைத்தமையையும் 2012 இல் வெளிவந்த இலங்கை ஆராய்ச்சியொன்று காட்டிற்று. நம் இடரைப் பிறர் வாயிலிற் கொண்டுபோய் விடுதல் தீர்வாகுமோ? விதைப்புக்காலத்தில் வயலைச் சூழ மின்வேலியிட்டு, அறுவடை முடிந்தபின் அகற்றி, அரிதாளை யானைக்கு விடும் முறை அதனினும் நன்று. ஆனால் வட்டையிலுள்ளார் ஒருங்குகூடிப் பேணினாலன்றி அவ்வேலி நில்லாது.

ஆதலால் சீவகாருணியம் பேசும் சபைகளும் கோயில்களும் வேலிக்குப் பொருளுதவுக. இளைஞர் முறைவைத்துப் பரணிற் காவலிருக்க. எழுத்தறிந்தோர் நட்டஈட்டு விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்க. இவற்றைச் செய்தபின்னரே, வாய்வெடி வையாதேயென்று உழவன் முகம் நோக்கிச் சொல்லும் உரிமை நமக்கு உண்டாம்.