தூக்கம் இல்லாதவளுக்குக் கனவு ஏது?

(திருவந்திபுரத்தில், புரட்டாசி ஸ்வாமி தேசிகன் உத்ஸவத்தில் நிகழ்ந்த சுந்தரகாண்ட உபந்யாசத்தின் எழுத்து வடிவம்)

நேற்று எங்கே விட்டோம்? சிம்சுபா மரம். கிளையிலே சிறிய திருவடி, கீழே சீதாபிராட்டி. ராமகதையைச் சொல்லி முடித்துவிட்டார் ஆஞ்சநேயர். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். பார்த்ததும் என்ன நினைத்தாள்? மாமி, நீங்கள் சொல்லுங்கோ. ஆமாம், கனவு என்று நினைத்தாள்! கனவில் குரங்கைக் கண்டால் ஆகாது என்று சாஸ்திரம். உடனே ராமன் நன்றாக இருக்கட்டும், லக்ஷ்மணன் நன்றாக இருக்கட்டும், அப்பா ஜனகர் நன்றாக இருக்கட்டும் என்கிறாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு இடத்துக்கே தனியாக ஒரு நாள் வேண்டும்.

அடுத்த க்ஷணமே யோசிக்கிறாள். இது கனவாக இருக்க முடியாதே, எனக்குத்தான் தூக்கமே கிடையாதே! தூங்கினால்தானே கனவு? வால்மீகி அந்தத் தாயாரின் வாயில் வைத்த வார்த்தை அது. பத்து மாதமாகக் கண்ணை மூடாத ஒருத்தி பேசுகிற பேச்சு. தூக்கம் இல்லை, ஆகவே கனவும் இல்லை.

இதை இன்றைக்கு ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், காலையில் கடலூரிலிருந்து ஒரு பிள்ளை வந்தான். சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் சேர்த்துவிட்டு நேரே வருகிறான். கையில் இன்னும் வெல்லம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. "ஸ்வாமி, ராத்திரி தூக்கம் வருவதில்லை. இதற்கு நடுவில் கனவுக்குள்ளேயே விழித்திருக்கிற பயிற்சி செய்கிறேன். லூசிட் ட்ரீமிங் என்பார்கள்" என்றான். கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்துவிட்டால், அப்புறம் இஷ்டப்படி பறக்கலாமாம், நினைத்தவரை வரவழைக்கலாமாம்.

சிரிக்காதீர்கள்! பொய் இல்லை. 1975-ல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இதைச் சோதித்திருக்கிறார். தூங்குகிறவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்: கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும். அவரும் தூக்கத்திலேயே அசைத்துக் காட்டினார், கருவியில் பதிவானது. பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் இதை விரிவாகச் செய்தார். இருக்கிற சங்கதிதான்.

ஆனால் வழி என்ன சொல்கிறார்கள்? ஐந்து மணி நேரம் தூங்கு, அலாரம் வைத்து எழுந்திரு, கொஞ்சம் உட்கார், 'அடுத்த கனவில் இது கனவென்று அறிவேன்' என்று சொல்லிக்கொண்டே திரும்பப் படு. கனவுகள் பின்னிரவில்தான் நிறைய வரும், அதனால் இந்த ஏற்பாடு. நன்றாகத் தூங்குகிறவன் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். இவனுக்குத் தூக்கம் பிடிப்பதே இரண்டு மணிக்கு. மூன்று மணிக்கு அலாரம்! குழந்தே, கிடைத்த ஒரு மணி நேரத்தையும் நீயே போய் எழுப்பிவிடுகிறாயே? உறைக்கு ஊற்றின பாலை நாழிகைக்கு ஒருதரம் ஆட்டிப் பார்த்தால் தயிர் தோயுமோ?

அவன் லேசில் விடவில்லை. யோக சூத்திரத்தில் முதல் பாதத்திலேயே பதஞ்ஜலி கனவையும் தூக்கத்தையும் ஆலம்பனமாகச் சொல்லியிருக்கிறாரே என்கிறான். படித்த பிள்ளை. வாஸ்தவம், சொல்லியிருக்கிறார். எதற்குச் சொன்னார்? மனசு நிலைக்கிறதற்கு. பறக்கிறதற்கா சொன்னார்? கீதை ஆறாம் அத்தியாயத்தைப் பாருங்கோ. அளவு கடந்து தூங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, அளவு கடந்து விழிக்கிறவனுக்கும் இல்லை என்று கண்ணனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்பீல் ஏது?

இன்னும் மேலே போகிறேன். கனவை யார் உண்டாக்குகிறார்கள்? ஸ்ரீபாஷ்யத்தில் மூன்றாம் அத்தியாயம், இரண்டாம் பாதம். தேரும் குதிரையும் சாலையும் இல்லாத இடத்தில் அவற்றைச் சிருஷ்டிக்கிறவன் யார்? ஜீவன் என்றால் சரிப்படாது என்கிறார் எம்பெருமானார் ராமானுஜர். ஜீவன் கையில் இருந்தால் எவனாவது தனக்கே கெட்ட கனவைச் செய்துகொள்வானோ? பரீட்சை ஹாலுக்கு வழி தெரியாமல் ஓடுகிற கனவை யார் ஆசைப்பட்டு உண்டாக்குவார்? ஆகவே ஈச்வரன்தான் பண்ணுகிறான். சின்னச் சின்ன புண்ய பாபங்களுக்குத் தக்கபடி, அந்த ஒருவனுக்கு மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும். எல்லாரும் தூங்கும்போது அவன் விழித்திருந்து செய்கிறான். இதோ பக்கத்தில் சிதம்பரத்தில் கோவிந்தராஜன் கண்வளர்கிறாரே, அறிதுயில்! அது அவருக்குச் சரி. நமக்குத் துயில் போதும்.

திரும்ப அசோகவனத்துக்கு வாருங்கோ. அதே வனத்தில், அதே இரவில் ஒருத்திக்குக் கனவு வந்தது. யாருக்கு? திரிஜடைக்கு! கிழவி, ராக்ஷசி. பயிற்சி செய்தாளா? அலாரம் வைத்தாளா? படுத்தாள், தூங்கினாள். ஆயிரம் அன்னங்கள் இழுக்கிற தந்தப் பல்லக்கில் ராமன் வருகிறான், மொட்டைத் தலையில் எண்ணெய் வழிய ராவணன் விழுகிறான் என்று முழுசாகக் கண்டாள். பிராட்டியோ, கனவிலாவது ராமனைக் கண்டால் தாங்கிக்கொள்வேன், கனவுக்குக்கூட என்மேல் பொறாமை என்று அழுகிறாள். ஏங்கினவளுக்கு வரவில்லை, தூங்கினவளுக்கு வந்தது. மறுபடி சொல்கிறேன். ஏங்கினவளுக்கு வரவில்லை, தூங்கினவளுக்கு வந்தது. அங்கே பின்னால் செல்லைப் பார்க்கிற தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதைப் படுக்கைக்கு எடுத்துக்கொண்டு போகாதே.

இந்த ஔஷதகிரியிலே, எழுபத்துநான்கு படிக்கு மேலே, ஸ்வாமி தேசிகன் உட்கார்ந்து ஜபித்தது கருட மந்திரம். கருடன் வந்தார், கொடுத்தது ஹயக்ரீவ மந்திரம். ஸ்வாமி கேட்டா வந்தது? கொடுக்கிறவன் பார்த்துக் கொடுத்தான். கனவும் அப்படித்தான்.

அந்தப் பிள்ளையிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, நடைமுறையும் சொன்னேன். அலாரத்தைக் காலையில் ஒரே நேரத்துக்கு வை, எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் எழுந்துவிடு. பகலில் படுக்காதே. மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரளாதே, எழுந்துபோய் மங்கின வெளிச்சத்தில் உட்கார், கண் சொக்கும்போது வந்து படு. டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். மாதக் கணக்கில் போனால் டாக்டரையே பார், அது குற்றம் இல்லை. இன்னொன்றும் கேட்டேன், விதுரன் கேட்ட கேள்வி. திருதராஷ்டிரன் தூங்க முடியாமல் ராத்திரியில் விதுரனைக் கூப்பிட்டானே, அப்போது விதுரன் கேட்டான்: பிறத்தியார் சொத்தின்மேல் ஆசை வைத்து வேகிறாயா? பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் தம்பிக்குள் ஏதோ வீட்டு வழக்காம். மேலே நான் கேட்கவில்லை. முதலில் அதைத் தீர்த்துக்கொண்டு வா என்று அனுப்பினேன்.

பிராட்டிக்கு வருவோம். கனவு இல்லை என்றதோடு அவள் நிறுத்தவில்லை. பைத்தியமா, மனமயக்கமா, கானல்நீரா என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுகிறாள். என்னையும் தெரிகிறது, இந்த வானரத்தையும் தெரிகிறது, ஆகவே மயக்கம் இல்லை என்று முடிவுக்கு வருகிறாள். அதற்கப்புறம்தான் கணையாழி. அதை நாளைக்குச் சொல்கிறேன். நேரமாகிவிட்டது. திருப்பாதிரிப்புலியூர் போகிறவர்கள் முதலில் பிரசாதம் வாங்கிக்கொள்ளுங்கோ.