எட்டு டிராக், ஐந்து ஸ்பீக்கர்

கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பமான 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' 1969 அக்டோபர் 10 அன்று வெளியானது. புரோக்ரசிவ் ராக் என்ற வகையே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். நாற்பது ஆண்டு கழித்து, 2009இல், அதே ஆல்பம் ஒரு சிடி, ஒரு டிவிடி என மறுபடி கடைக்கு வந்தது. டிவிடியில் இருந்தது 5.1 சரவுண்ட்: கேட்பவருக்கு முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்பக்கம் இரண்டு, அடித்தள அதிர்வுகளுக்கு ஒரு சப்வூஃபர். இரண்டு ஸ்பீக்கரை மனத்தில் வைத்துச் செய்த இசை ஐந்துக்கு எப்படி விரிந்தது? ஸ்பீக்கர்களைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. பதில் கிடப்பது பழைய நாடாப் பெட்டிகளில்.

பழைய ஆல்பம் புது அட்டையோடு வரும்போதெல்லாம் 'ரீமாஸ்டர்' என்ற முத்திரையும் கூடவே வரும். எப்போதோ கலந்து முடித்த ஸ்டீரியோ பிரதியை எடுத்து, அதன் கீச்சையும் கனத்தையும் சத்த அளவையும் சற்றுச் சீர்செய்வதுதான் ரீமாஸ்டர். கிடாரை மட்டும் உயர்த்தவோ குரலை இடம் மாற்றவோ அதில் வழியில்லை. சாம்பார் கொதித்து இறங்கிய பிறகு உப்பைச் சரிபார்க்கலாம், புளியைத் திரும்ப எடுக்க முடியாது. சரவுண்டுக்கோ ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே வேண்டும். ஆகவே கலப்பதற்கு முந்தைய மல்ட்டிடிராக் நாடாவுக்கே போயாக வேண்டும். அங்கிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கலப்பது ரீமிக்ஸ். பழைய சினிமாப் பாட்டுக்குப் புதுத் தாளம் சேர்த்து விடுவார்களே, அது வேறு சமாச்சாரம். இங்கே ஒரு சுரம்கூடப் புதிதாக வாசிக்கப்படுவதில்லை.

1969 கோடையில் லண்டன் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் இருந்தது எட்டு டிராக் பதிவுக் கருவி. ஓர் அங்குல அகல நாடாவில் எட்டு இணைத் தடங்கள். முதலில் மூடி புளூஸ் குழுவின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கோடு முயன்று பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. பிறகு குழுவே தயாரிப்பையும் ஏற்றுக்கொண்டது. கிடார் வாசித்த ராபர்ட் ஃபிரிப்புக்கு அப்போது 23 வயது, பாடிய கிரெக் லேக்குக்கு 21. அந்த வயதில் யார்தான் எட்டுத் தடங்களோடு நிறுத்திக்கொள்வார்கள்? இயன் மெக்டொனால்ட் புல்லாங்குழல், சாக்ஸபோன், மெலட்ரான் என்று அடுக்கிக்கொண்டே போனார். மெலட்ரானின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஏற்கெனவே வயலின்களின் ஒலி பதிந்த சிறு நாடாத் துண்டு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் எட்டு விநாடி போல ஓடும், அவ்வளவுதான். அந்தக் கருவியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து அவர்கள் எழுப்பிய ஆர்கெஸ்ட்ராதான் தலைப்புப் பாட்டின் பிரம்மாண்டம்.

எட்டும் நிரம்பினால் என்ன செய்வது? 'பவுன்ஸ்' செய்வார்கள். எட்டையும் கலந்து இரண்டாக்கி, இன்னொரு எட்டு டிராக் நாடாவில் இரண்டு தடங்களில் இறக்குவார்கள். மீதி ஆறு காலி. அதில் மேற்கொண்டு வாசிக்கலாம். கெட்டிக்காரத்தனமான உபாயம், ஆனால் சும்மா கிடைப்பதில்லை. ஒரே தரமான நாடாவில் ஒரு முறை நகலெடுத்தாலே இரைச்சல் சுமார் 3 டெசிபெல் ஏறும், கீச்சு மழுங்கும். அதைவிடப் பெரிய விலை, முடிவு உறைந்துபோவது. பவுன்ஸ் செய்த நொடியில் டிரம்ஸ் எவ்வளவு, பேஸ் எவ்வளவு என்பது நிரந்தரமாகிவிடும். இசைத்தட்டில் நாம் கேட்டுப் பழகியது இப்படி இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை தள்ளி வந்த ஒலி.

ஸ்டீவன் வில்சன் உள்ளே வருவது இந்த இடத்தில். 1967இல் பிறந்தவர், போர்குபைன் ட்ரீ குழுவின் தலைவர். தன் 'இன் ஆப்சென்ஷியா' ஆல்பத்தை எலியட் ஷைனர் 5.1இல் கலந்ததைப் பார்த்த பின் அவரே அந்தக் கலையில் இறங்கியவர். கிரிம்சனுக்காக அவர் பவுன்ஸ் செய்த நாடாவோடு நிற்கவில்லை. அதற்கு முந்தைய முதல் பதிவு நாடாக்களை, கலந்து இறக்கியபின் வேலை முடிந்ததென்று ஒதுக்கப்பட்டவற்றை, தேடி எடுத்தார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றி, இரண்டாம் நாடாவின் ஆறு தடங்களோடு இணைத்தார்கள். சொல்லும்போது எளிது. அந்தக் காலத்து நாடா இயந்திரம் எதுவும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது. இரண்டு நாடாக்களைச் சேர்ந்தாற்போல் ஓடவிட்டால் சிறிது நேரத்தில் டிரம்ஸும் பாட்டும் பிரிந்து தடுமாறும். பொறுமையாக இழுத்து நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்திய பிறகு, 1969இல் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் பவுன்ஸுக்கு முன் கேட்ட டிரம்ஸ் திரும்பக் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் ஆண்டுவிழாப் பதிப்புகளின் உண்மையான லாபம் இது. பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கர் அதற்கு ஒரு சாக்கு.

ஆனால் மல்ட்டிடிராக் நாடாவில் எல்லாமே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எதிரொலி, இடம்வலமாக ஒலி நகர்வது, பாட்டு தேய்ந்து முடிவது ஆகியவை பெரும்பாலும் கடைசிக் கலவையின்போதுதான் சேரும். ஆட்டோமேஷன் இல்லாத நாட்கள். மேசையைச் சுற்றி நாலைந்து கைகள் நின்று ஃபேடர்களை ஏற்றி இறக்கும். ஒரு பகுதி சரியாக வந்தால் அதை வெட்டி அடுத்த பகுதியோடு ஒட்டுவார்கள். கலவையே ஒரு கச்சேரி. அதற்கு எழுத்துக் குறிப்பு கிடையாது. மிஞ்சியிருப்பது இசைத்தட்டு ஒன்றுதான். ஆகவே வில்சன் முதலில் பழைய ஸ்டீரியோவை அப்படியே திரும்பச் செய்து பார்ப்பார். ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, எந்த எதிரொலி, எந்தக் கிடார் எந்தப் பக்கம் என்று பிடித்த பிறகே அதை ஐந்து ஸ்பீக்கருக்கு விரிப்பார். அவருடைய மிக்ஸ்கள் நம்பகமாக ஒலிப்பதற்கு இந்த வரிசைமுறைதான் காரணம்.

விரித்ததும் என்ன ஆகிறது? டிரம்ஸ், பேஸ், முதன்மைக் குரல் பெரும்பாலும் முன்னால் நிற்கும். மெலட்ரானும் பின்னணிக் குரல்களும் பின்பக்கம் போகும். வேடிக்கைக்காக அல்ல. ஒரே திசையிலிருந்து ஒரே சுருதி எல்லைக்குள் இரண்டு ஒலிகள் வந்தால் பலமானது மற்றதை மறைக்கும். அதே இரண்டையும் வெவ்வேறு திசையில் வைத்தால் காது தானாகப் பிரித்துக்கொள்ளும்; கூட்டத்தில் நமக்கு வேண்டிய குரலைப் பிடிக்கிற அதே திறமை. ஸ்டீரியோவில் எதிரெதிராக முட்டிக்கொண்ட இரண்டு வாத்தியங்களில் எதையும் குறைக்காமலே இரண்டையும் கேட்க முடிகிறது. மூன்று பேர் கிடார், பேஸ், டிரம்ஸ் என்று நேரடியாக வாசிக்கும் ராக்குக்கு இதனால் பெரிய ஆதாயமில்லை. அடுக்கடுக்காக எழுதப்பட்ட புரோக்ரசிவ் ராக்குக்கு உண்டு. ஜென்டில் ஜயன்ட் குழுவின் 'ஆக்டபஸ்' 1972இல் வந்தது. 2015இல் வில்சன் அதைச் சரவுண்டில் கலந்தார். அதிலுள்ள 'நாட்ஸ்' பாட்டில் பல குரல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பாடும். ஸ்டீரியோவில் அது புதிர். சுற்றிலும் குரல்கள் நிற்கும்போது யார் யாரை இடைமறிக்கிறார்கள் என்பது தெளிவாகிறது, பாட்டின் கட்டமைப்பே கண்ணுக்குத் தெரிவது போல.

சரவுண்ட் பழைய இசைமேல் இன்றைய ஆட்கள் ஏற்றிய அலங்காரம் என்ற குறை அடிக்கடி எழும். கிரிம்சன் விஷயத்தில் அதை முழுக்க மறுக்க முடியாது. பிங்க் ஃபிளாய்டிடம் அந்தக் குறை எடுபடாது. 1967 மே 12 அன்று லண்டன் குயீன் எலிசபெத் ஹாலில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சியிலேயே அரங்கைச் சுற்றி ஒலி நகர்ந்தது. அதற்கென்று அபி ரோடு ஸ்டுடியோ பொறியாளர் பெர்னார்ட் ஸ்பைட் ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தார். ஜாய்ஸ்டிக்கைச் சுழற்றினால் ஒலி மூலைக்கு மூலை போகும். 'அசிமத் கோஆர்டினேட்டர்' என்று அதற்குப் படாடோபமான பெயர். அந்தப் பெட்டி திருட்டுப்போனது. பின்னால் செய்த இன்னொன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

ஆகவே 1973இல் வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' பிறக்கும்போதே நாலு மூலைக்கும் சொந்தமானது. 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் மணியடிக்கும் கடிகாரங்களைப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தார். நாலு ஸ்பீக்கர் ஒலியை விளக்கிக் காட்டுவதற்காகப் பதிந்தவை அவை. அவரே ஆல்பம் முழுவதையும் நாலு சானலில் கலந்தார். அப்போது அதற்கு 'குவாட்' என்று பெயர். சந்தையில் அது தோற்றது. சிபிஎஸுக்கு ஒரு முறை, சான்சுயிக்கு ஒரு முறை, ஜேவிசிக்கு ஒரு முறை. ஒன்றின் தட்டு மற்றதன் கருவியில் சரியாகப் பிரியாது. நாலு சானலை இரண்டாக மடக்கி, பிறகு விரித்த முறைகளில் ஒலிகள் பக்கத்துக்குப் பக்கம் கசிந்தன. ஜேவிசியின் முறைக்குத் தனி ஊசியே வேண்டியிருந்தது. எழுபதுகள் முடிவதற்குள் எல்லாம் ஓய்ந்தது.

2003இல், முப்பதாம் ஆண்டுக்கு, அதே ஆல்பத்தின் 5.1 மிக்ஸ் சூப்பர் ஆடியோ சிடியாக வந்தது. கலந்தவர் பார்சன்ஸ் அல்ல. 'த வால்' காலத்திலிருந்து குழுவோடு இருந்த ஜேம்ஸ் கத்ரி. 2011இல் வந்த பெரிய பெட்டியில் பார்சன்ஸின் குவாட்டும் கத்ரியின் 5.1உம் சேர்ந்தே இருந்தன. ஒரே நாடா, இரண்டு மனங்கள். பார்சன்ஸ் துணிச்சலாக மூலைக்கு மூலை வீசுகிறார். கத்ரி ஒரு பெரிய அறைக்குள் நம்மை உட்கார வைக்கிறார். எனக்குப் பார்சன்ஸுடையதே பிடிக்கும், கரடுமுரடு இருந்தாலும். எது 'சரி' என்று கேட்பது, ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடியதில் எது அசல் என்று கேட்பதற்குச் சமம்.

பழைய நாடாவைப் புதிதாகக் கலக்கும் உரிமைக்கு எல்லை உண்டு என்பதை ஃபிரிப்பே காட்டினார். கிரிம்சனின் 1974 ஆல்பமான 'ரெட்'டும் 2009இல் 5.1இல் வந்தது, ஆனால் ஸ்டீரியோவை மட்டும் அப்போது தொடவில்லை; பழைய கலவையே பழுதில்லாதது என்ற எண்ணம். (2013இல் அதற்கும் ஒரு புது ஸ்டீரியோ வந்துவிட்டது; வைராக்கியம் நாலே ஆண்டுதான் தாங்கியது.) எதிர்ப்பக்கத்தில் ஜெத்ரோ டல் குழுவின் 'அக்வாலங்' இருக்கிறது. தேவாலயமாக இருந்த கட்டடத்தில் ஐலண்ட் நிறுவனம் புதிதாகத் திறந்திருந்த ஸ்டுடியோவில் பதிந்து 1971இல் வெளிவந்தது. பாட்டுகள் அபாரம், ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல. 2011இல் வில்சன் கலந்த பிறகுதான் நாடாவில் கோளாறு எதுவுமில்லை, பழுது கலவையில்தான் என்று தெரிந்தது. அங்கே பழையதற்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

நாடாவே கிடைக்காவிட்டால் பேச்சே இல்லை. எமர்சன், லேக் அண்ட் பாமரின் முதல் ஆல்பத்துக்கு மல்ட்டிடிராக் சில காணாமல்போனதால் 2012இன் புது மிக்ஸில் சில பகுதிகள் விடுபட்டன. ஜென்டில் ஜயன்டின் முதல் மூன்று ஆல்பங்களில் நாடா அகப்பட்ட பாட்டுகளை மட்டும் பொறுக்கி 2017இல் 'த்ரீ பீஸ் சூட்' என்று ஒரே தொகுப்பாக்கினார்கள். கிடைத்த நாடாவும் எப்போதும் நல்ல நிலையில் இருப்பதில்லை. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில நாடாக்களில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் காந்தப் பூச்சே உரிந்து வரும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் அடுப்பிலிட்டு உலர்த்தி, சூடு தணிந்ததும் அவசரமாக நகலெடுத்துவிட வேண்டும். சில சமயம் நாடா பத்திரமாக இருந்து மனிதர்கள் தகராறு செய்வார்கள். பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' 2018இலேயே கலக்கப்பட்டும் உறைக்குறிப்பு பற்றி ரோஜர் வாட்டர்ஸுக்கும் டேவிட் கில்மருக்கும் நடந்த சண்டையால் 2022இல்தான் வெளிவந்தது.

இந்த வணிகத்தில் எனக்கு எரிச்சலூட்டுவது பெட்டி. நான் சொன்ன 2011இன் ஃபிளாய்டு பெட்டிக்குள் கழுத்துத்துணி, கோலிக்குண்டுகள், கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்டுகள் எல்லாம் இருந்தன. ஒரு தட்டில் அடங்கும் மிக்ஸுக்காகக் கோலிக்குண்டையும் வாங்க வேண்டும். கிரிம்சன்காரர்களும் பெரிய பெட்டி போட்டார்கள், ஆனால் 2009இல் இரண்டே தட்டில் அடங்கும் பதிப்பையும் தந்தார்கள்.

இப்போது டால்பி அட்மாஸ். தலைக்கு மேலும் ஸ்பீக்கர். ஒலிக்கு சானலுக்குப் பதில் அறையில் ஓர் இடம் குறித்துவிடலாம். 2020இல் கிரிம்சனின் முதல் ஆல்பமும் 2023இல் 'டார்க் சைட்'டும் அப்படி வந்துவிட்டன. பெரும்பாலோர் இதைக் கேட்பது செல்பேசியோடு இணைத்த இயர்ஃபோனில், அதாவது காதுக்கு ஒன்றாக இரண்டே சானலில். திசைகளைக் கணக்குப் போட்டு ஏமாற்றும் அந்த வித்தை சிலருக்கு வேலை செய்கிறது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை, எதிரொலி கூடின ஸ்டீரியோ போலத்தான் இருக்கிறது.

வீட்டில் ஐந்து ஸ்பீக்கர் வைக்க இடமில்லாதவர்கள் இந்தப் பதிப்புகளைத் தவிர்க்க வேண்டியதில்லை. வில்சன் கைபட்ட பெரும்பாலானவற்றில் சரவுண்டுக்கு முன்படியாகச் செய்த புது ஸ்டீரியோ மிக்ஸும் தட்டிலேயே இருக்கும், முதல் தலைமுறை நாடாவிலிருந்து கலந்தது. கிரிம்சனின் தலைப்புப் பாட்டை அதில் போட்டுவிட்டு மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். குறிப்பாக சிம்பல்களை, பழைய தட்டில் மெலட்ரானுக்கு அடியில் வெறும் சீறலாகக் கேட்டவை அவை.