மச்சம் செய்த பாவம் என்ன?

புற்றுநோய் என்று தெரிந்ததும் பலர் வாயில் முதலில் வருவது மருந்தைப் பற்றிய கேள்வியல்ல. "யாருக்கு என்ன பாவம் செய்தேன்?" என்பதுதான். பக்கத்தில் இருப்பவர்கள் சிலர் பதிலையும் தயாராக வைத்திருப்பார்கள்: எல்லாம் வினைப்பயன். நோயாளியின் மேல் விழும் இந்தப் பழி மிகப் பழையது. விவிலியத்தில் உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்த யோபுவிடம், குற்றம் உன்னுடையதுதான் என்று வாதாடியவர்கள் அவருடைய நண்பர்களே.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் மெலனோமாவை வைத்து இந்தப் பழியைச் சோதித்துப் பார்க்கலாம். 'வளர்' என்ற செய்தி செல்லின் மேற்பரப்புக்கு வந்ததும், ராஸ், பிராஃப், மெக், எர்க் ஆகிய புரதங்கள் வரிசையாக ஒன்றையொன்று தூண்டி அதை உட்கருவரை கொண்டுபோகின்றன. செய்தி நின்றால் தூண்டுதலும் அடங்கும். 2002-இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் பல மெலனோமாக்களில் பிராஃப் மாறியிருப்பதைக் கண்டார்கள். அதன் 600-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலம். அந்த ஒரு மாற்றம் போதும். வெளியிலிருந்து செய்தியே வராதபோதும் பிராஃப் ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய பாதி மெலனோமாக்களில் பிராஃப் மாற்றம் உண்டு.

ஆனால் இதே மாற்றம் சாதாரண மச்சங்கள் பலவற்றிலும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு அவை ஏன் புற்றுநோயாவதில்லை என்பதற்கு விளக்கம் தந்தது: மச்சத்தின் செல்கள் கொஞ்ச காலம் பெருகி, பிறகு தாமாகவே பிரிவதை நிறுத்திவிடுகின்றன. பி16 போன்ற தடைப் புரதங்களுக்கு அதில் பங்குண்டு. பெரும்பாலான மச்சங்கள் ஆயுள் முழுவதும் அப்படியே கிடக்கின்றன. 2015-இல் நடுவயது தாண்டிய நால்வரின் கண்ணிமைத் தோலைச் சோதித்தபோது, நோயே இல்லாத அந்தத் தோலில் ஏறக்குறைய கால்வாசிச் செல்கள் புற்றுநோயை உந்தும் மாற்றங்களைச் சுமந்திருந்தன.

அப்படியானால் பிழை எல்லோரிடமும் இருக்கிறது. நோய் சிலருக்கு மட்டும் வருகிறது. நடுவில் நிற்பவை வேறு மாற்றங்கள், தடைகளின் வலு, நோய் எதிர்ப்பாற்றல், வெறும் தற்செயல். இந்தப் பட்டியலில் ஒழுக்கத்துக்கு எங்கே இடம்?

மருந்தின் கதை இன்னும் விசித்திரமானது. மாறிய பிராஃபை அடக்கும் வெமுராஃபெனிப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டிகள் வியக்கத்தக்க வேகத்தில் சுருங்கின. பலருக்குச் சில மாதங்களில் திரும்பின. சிலருக்கோ அதே மருந்தால் வேறு வகைத் தோல் கட்டிகள் முளைத்தன. பிராஃப் மாறாமல் ராஸ் மட்டும் மாறியிருந்த செல்களில் மருந்து அந்தப் பாதையை அடக்கவில்லை, தூண்டிவிட்டது. மெக் தடுப்பானையும் சேர்த்துக் கொடுத்தபோது இந்தக் கட்டிகள் குறைந்தன.

வினைக் கொள்கையை ஆழ்ந்து கற்றவர் இங்கே மறுப்பார்: அது முற்பிறவிக் கணக்கு, நுண்ணோக்கிக்கு எட்டாது என்பார். நியாயமான மறுப்புதான். ஆனால் எட்டாத கணக்கை நோயாளியின் கட்டிலருகே வாசித்துக் காட்டும் உரிமை எந்த உறவினருக்கும் இல்லை. அந்தப் பேச்சு நோயாளியைக் கூசவைக்கும், புண்ணை மறைக்கவைக்கும். கறுத்த தோலுள்ளவர்களுக்கு மெலனோமா வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வரும். 1981-இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. அங்கே ஒரு கறுப்புத் திட்டு பெரிதாகிக்கொண்டே போனால், யார் செய்த பாவம் என்று ஆராயாமல் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.