நீறு பூசியவர்கள்

விசுவாசத்திற்காகத் துன்பப்பட்டவர்கள் என்றால் கிறிஸ்தவர்களுக்கு (நானும் அவர்களில் ஒருவன்) செத்தவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பணிந்து போனவர்கள், ஓடியவர்கள், ஒளிந்து கும்பிட்டவர்கள் எண்ணிக்கையில் எப்போதும் அதிகம். ஆனால் நாட்காட்டியில் அவர்களுக்கு நாளில்லை. அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள எதுவும் உண்டா என்பது என் கேள்வி. நான் வேலை பார்க்கும் செஞ்சியில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அது கிறிஸ்தவர்களின் கதையல்ல, ஜைனர்களுடையது.

1906ல் வெளிவந்த தென்னாற்காடு கெசட்டியரில் பிரான்சிஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1478ல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி, கவரைச் சாதிக்காரன், பிராமணர்களிடம் பெண் கேட்டான். ஜைனர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று அவர்கள் தட்டிக் கழித்தார்கள். ஜைனர்கள் சம்மதிப்பதுபோல் பாவனை செய்தார்கள். முகூர்த்த நாளில் அவன் பரிவாரத்தோடு போனபோது வீடு காலி. தாழ்வாரத் தூணில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது. ஜைனர்களின் தலையை வெட்டச் சொல்லி உத்தரவாயிற்று. சிலர் வெட்டுண்டார்கள், சிலர் ஓடினார்கள், சிலர் சடங்குகளை இரகசியமாகத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் பூணூலைக் கழற்றிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார்கள். நீறுபூசி வேளாளர் என்ற பெயர் இதன் மிச்சமாம்.

திண்டிவனத்தை அடுத்த வேலூரில், கிணற்றில் சடங்கு செய்கையில் வீரசேனாசாரியர் பிடிபட்டார். அரசனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் விட்டுவிட்டான். அவர் சிரவணபெளகொளாவுக்குப் போய்த் துறவியானார். தாயனூர் கங்கய்ய உடையார் உடையார்பாளையம் ஜமீனில் தஞ்சம் புகுந்திருந்தார். பிறகு அவர் வீரசேனரைத் தேடிப்போய் அழைத்து வந்தார். இருவரும் செஞ்சிச் சீமையைச் சுற்றி, நீறு பூசியவர்களைத் திரும்ப அழைத்தார்கள். அவர்களும் வந்தார்கள்.

இது எவ்வளவு தூரம் சரித்திரம் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு சமூகம் தன்னைப்பற்றி எதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதே முக்கியம். வெட்டுண்டவர்களில் ஒருவர் பெயர்கூடக் கதையில் இல்லை. பெயரோடு நிற்பவர்கள் அதிர்ஷ்டத்தால் தப்பியவர் ஒருவர், ஓடிப்போனவர் ஒருவர். விசேஷங்களில் முதல் வெற்றிலை உடையாரின் சந்ததிக்கு என்கிறது கெசட்டியர். சாவின் மகத்துவம் தெரியாத மதமல்ல இது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாமலிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் குன்றை வைத்திருப்பவர்கள் நீறு பூசியவனையும் தங்கள் கதைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் இந்தக் கதை மறைக்கவில்லை. தூணில் நாயைக் கட்டியது விசுவாசமல்ல, குலப்பெருமை. துன்பம் வந்துவிட்டதாலேயே அதன் காரணம் சுத்தமாகிவிடுவதில்லை. நம் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் வெட்டுண்டார். அதற்கு முன்னால் நடந்தது, தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒருத்தியைத் தவிர மற்ற மனைவிகளை விலக்கியது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அருளானந்தர் 1947ல் புனிதரானார். அந்தப் பெண்ணின் துன்பத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பணிந்தவர்களைப் பற்றி ஆதித் திருச்சபையிலும் சண்டை நடந்தது. 250ல் ரோமச் சக்கரவர்த்தி டேசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்றான். பலியிடாமல் காசு கொடுத்துச் சர்டிபிகேட் வாங்கிய கிறிஸ்தவர்களும் உண்டு. இவர்களைச் சேர்க்கவே கூடாது என்று நொவாசியன் பிரிந்து போனார். தவத்துக்குப் பிறகு சேர்க்கலாம் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன். டேசியஸ் காலத்தில் ஒளிந்திருந்த அவரே 258ல் தலை கொடுத்தார்.

இந்தச் சர்டிபிகேட் என் வங்கிக் கவுண்டருக்கு இன்றும் வருகிறது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதிச் சலுகை. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஞாயிறு கோவிலுக்குப் போகும் பையன் கல்விக் கடனுக்கு இந்து என்ற சான்றிதழை நீட்டுகிறான். பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு ஒரு பெயர், ஞானஸ்நானத்துக்கு ஒரு பெயர். இப்படிப்பட்ட ஒரு வழக்கில் 2024ல் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. பிரசங்க பீடத்தில் இதற்கு இரட்டை வேடம் என்று பெயர்.

செஞ்சி ஜைனரும் இந்தப் பையனும் ஒன்றல்ல. அவர்களுக்குச் சாதி பெருமையாக இருந்து ஆபத்தைக் கொண்டுவந்தது. இவனுக்குச் சாதி காயம். மதம் மாறியும் ஆறவில்லை. கல்லறையில் தனி இடம் ஒதுக்கிய கிறிஸ்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆகவே சிப்ரியனின் வழிகூட நமக்குப் போதாது. மன்னிப்பது பெரியவன் செய்கிற காரியம். இங்கே மன்னிப்புக் கேட்க வேண்டியது சபை.

கங்கய்ய உடையார் போனவர்களிடம் கணக்குக் கேட்டதாகக் கதையில் இல்லை. தனக்குப் பாதுகாப்புக் கிடைத்ததும் மற்றவர்களைத் தேடிப் புறப்பட்டார், அவ்வளவுதான். பாதுகாப்பாக இருக்கும் கிறிஸ்தவன் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் புறப்பாட்டை. அது இல்லாமல் ஓரியூர் செம்மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்வது நமக்கு மிகவும் சௌகரியமான பக்தி.