யாருடைய வண்டி?

ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலை வெகுகாலம் பாதுகாத்தார்கள். உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகையை வைத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாம் மாறிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று மெய்யியலாளர்கள் வாதிட்டதைப் புளுட்டார்க் எழுதிவைத்தார். கழித்த பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று முடிவுசெய்வது யார் என்ற கேள்வி அந்த வாதத்தில் இல்லை.

வத்தலக்குண்டில் அந்தக் கேள்வி ஓர் அம்பாசிடராக வந்து நின்றது. தோழிக்கு அவள் அப்பா விட்டுச்சென்ற மார்க் 3 அது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த வண்டி. என்ஜினை இறக்கிப் பிரித்தால் சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் மாட்டி, கிராங்கைக் கடைந்து, பழைய என்ஜினையே ஓட்டலாம். அல்லது, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990களில் அம்பாசிடரில் வைத்த 1817 சிசி இசுசு என்ஜினை, அதன் ஐந்து கியர் பெட்டியோடு ஏற்றலாம்.

"அப்பா வண்டி அப்பா வண்டியாவே இருக்கட்டும்க்கா" என்றான் தம்பி.

"கொடைக்கானலுக்கு நான் ஓட்டிட்டுப் போகணும்டா" என்றாள் அவள்.

அப்பா இருந்தவரை ஸ்டியரிங் அவள் கைக்கு வந்ததில்லை. தம்பி காக்க நினைக்கும் அசலில் அவளுடைய இடம் பின்சீட்டு.

பழையதைக் காப்பதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. சங்கப் பாடல் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் அந்தப் பாடல்கள் பிழைத்தது ஒரே ஏட்டில் இருந்ததால் அல்ல. செல்லரிக்கும் முன் புது ஏட்டில் யாரோ படியெடுத்துக்கொண்டே இருந்ததால். மாறாமல் வைப்பது வேறு, வாழவைப்பது வேறு.

மாற்றம் என்றாலே விடுதலை என்றும் சொல்வதற்கில்லை. மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள்: பட்டதாரி, வேலையில் இருப்பவர், குடும்பப் பாங்கானவர். என்ஜின் புதிது, கூடு பழையது. பெண்ணைப் படிக்கவைத்தோம், வேலைக்கு அனுப்பினோம் என்கிற வீட்டில் அடுப்படியும் முதியோர் பராமரிப்பும் இம்மி நகர்வதில்லை.

இதற்கும் மெக்கானிக்கிடமே பதில் இருந்தது. "என்ஜினை மட்டும் மாத்தினா ஆபத்தும்மா. கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் எல்லாம் சேர்ந்து மாறணும்." மலை இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். பலத்தைக் கூட்டிவிட்டு மற்றதைப் பழையபடி விட்டால் விலை கொடுப்பது ஓட்டுகிறவர்தான். இரட்டைச் சுமையோடு கல்லூரிக்கு வரும் பெண்களின் களைப்பை நான் தினமும் பார்க்கிறேன். அது அவர்களுடைய திறமைக் குறைவு அல்ல. பாதியில் நிறுத்திய மராமத்து.

வண்டிக்கு வாயில்லை, அதன் பொருட்டு உரிமையாளர் முடிவெடுக்கலாம். பெண்ணுக்கு வாய் உண்டு. அவளைப் புதுப்பிக்கும் பேச்சில் அவளிடம் கேட்காமல் எடுத்த முடிவு, பழமையின் பேரில் வந்தாலும் முன்னேற்றத்தின் பேரில் வந்தாலும், ஒரே அநீதிதான்.

தோழி இசுசுவை ஏற்றினாள்; பிரேக்கையும் மாற்றினாள். பழைய என்ஜினைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். ஹாப்ஸ் வந்தால் இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் வீட்டில் இருப்பாளா என்பதுதான் சந்தேகம்.