சுழலாத விசிறியும் இன்மையின் அளவையும்

ஒரு பொருள் இருப்பதைப் புலன்கள் காட்டிவிடுகின்றன. ஒரு பொருள் இல்லை என்பதை எதைக் கொண்டு அறிவது என்னும் கேள்வியோ இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்டது. தரையில் குடம் இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அவர் கண்ணில் படுவது வெறுந்தரை மட்டுமே; குடத்தின் இன்மை என்று தனியாக ஒரு வடிவமோ நிறமோ அவர் முன் வந்து நிற்பதில்லை. இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது பொருள் வகையாக, ஏற்ற நியாய மரபினரான நையாயிகர், தரையைக் காணும் கண்ணே குடத்தின் இன்மையையும் அறிகிறது என்றனர். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகரான குமாரில பட்டர் இதை ஏற்காமல், இல்லாத ஒன்றைப் புலன் எட்டாது ஆகையால் அனுபலப்தி எனப்படும் காணப்படாமையைத் தனியொரு பிரமாணமாக, அதாவது அறிவுக்கு வாயிலான அளவையாகக் கொண்டார். பௌத்தரான தர்மகீர்த்தியோ அதைத் தனி அளவையாக்காமல், அனுமானத்துக்குரிய மூவகை ஏதுக்களுள் ஒன்றாக வைத்தார். மணிமேகலையின் 27ஆம் காதை அளவைகளைத் தொகுத்துரைக்கும்போது அபாவம் எனப்படும் இன்மையையும் சேர்த்தே எண்ணுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவம் உள்ளிட்ட அளவைகளைக் குறிப்பிட்டு, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என முடித்தார்.

இவ்வளவு வேறுபட்ட இவர்களுள் முதன்மையானோர் ஒரு நிபந்தனையில் நெருங்கி வருகின்றனர். காணப்படாமை எல்லாம் இன்மைக்குச் சான்றாகாது. இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருள் காணப்படாதபோது மட்டுமே அது சான்றாகும். இத்தகுதியே யோக்கியதை எனப்படுகிறது. நல்ல வெளிச்சத்தில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் நின்று அவ்வாறு சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. இயல்பாகவே புலனுக்கு எட்டாத பிசாசத்தைக் காணவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவு செய்வதும் பொருந்தாது; அத்தகைய காணாமை ஐயத்தை எழுப்பலாமேயன்றி முடிவைத் தராது என்பதே தர்மகீர்த்தியின் நிலை.

தத்துவ நூல்கள் குடத்தையும் பிசாசத்தையும் கொண்டு விளக்கும் இந்நிபந்தனை எவ்வளவு கண்டிப்பானது என்பதைப் பழைய டீசல் காரொன்றின் துணை விசிறியைச் சோதிக்கும் முறையில் தெளிவாகக் காணலாம். 1976 முதல் 1980களின் நடுப்பகுதி வரை தயாரிக்கப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 123 வரிசையின் டீசல் வண்டிகளை இங்கு எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் இன்ஜினோடு பெல்ட்டால் பிணைந்து சுழலும் முதன்மை விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்க, குளிர்சாதன வசதி கொண்ட வண்டிகளில், அதன் வெப்பத்தை வெளியேற்றும் கன்டென்சருக்கு முன்னால் மின்மோட்டாரால் இயங்கும் துணை விசிறி ஒன்றும் பொருத்தப்பட்டது. இது எப்போதும் சுழல்வதற்கானதன்று. குளிர்பதன வாயுவின் அழுத்தமோ வெப்பமோ வரம்பை மீறும்போது அல்லது, அத்தகைய சுவிட்ச் பொருத்தப்பட்ட வண்டிகளில், கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் நீர்மத்தின் வெப்பம் சுமார் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது, ஒரு சுவிட்ச் மூடிக்கொள்ள, ரிலே வழியாக மின்சாரம் மோட்டாரைச் சென்றடைகிறது. ஆண்டுக்கும் விற்கப்பட்ட நாட்டுக்கும் ஏற்ப இவ்வமைப்பு வேறுபடுவதால், கையிலிருக்கும் வண்டிக்குரிய மின்சுற்று வரைபடமே இறுதி ஆதாரமாகும்.

வண்டி நின்றபடி, குளிர்சாதனம் அணைந்த நிலையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, விசிறி மட்டும் அசையாதிருந்தால், அது பழுதாகிவிட்டது என்றே பார்ப்பவர் எண்ணுவார். ஆனால் டீசல் இன்ஜின் ஐடிலிங்கில் மிகக் குறைந்த எரிபொருளையே எரிக்கிறது. உள்ளே வரும் காற்றைப் பெட்ரோல் இன்ஜினைப் போலத் தடுத்துக் குறைப்பதில்லை. ஆகவே வெப்பம் குறைவாகவே பிறந்து, 80 டிகிரியை ஒட்டிய இயல்பு நிலையிலேயே கூலன்ட் நெடுநேரம் நின்றுவிடுகிறது. அந்நிலையில் விசிறி சுழலாதிருப்பது பழுதன்று, முறையான நடத்தையே. ஒரே அசைவின்மை இரு பொருள் தரக்கூடியது: வேண்டாதபோது ஓயும் ஓய்வாகவும் இருக்கலாம், வேண்டியபோதும் இயங்காத முடமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் விசிறியை உற்றுப் பார்ப்பதில் இல்லை. சுழல வேண்டிய நிலை வந்துவிட்டதா என்பதை வேறொரு வழியால் உறுதி செய்வதில்தான் இருக்கிறது.

தேர்ந்த மெக்கானிக் அந்நிலையைத் தாமே உண்டாக்குகிறார். சுவிட்ச் மூடும்போது சுற்று நிறைவுறும் அமைப்பாயின், கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைக்கிறார். கை விசிறியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது இதில் மறக்கக் கூடாத எச்சரிக்கை. விசிறி சுழன்றால் மோட்டார், ரிலே, ஃபியூஸ், எர்த் ஆகிய அனைத்தும் ஒரே செயலால் குற்றமற்றவை எனத் தெரிந்து, ஐயம் சுவிட்சின் மீதும், வெப்பம் உண்மையில் வரம்பை எட்டியதா என்பதன் மீதும் மட்டுமே நிற்கிறது. சுழலாவிட்டால், இப்போது அந்த அசைவின்மை சான்றாகிவிடுகிறது. அதன்பின் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து டைரக்ட் சப்ளை கொடுத்துப் பார்க்க, அப்போதும் அசையாவிட்டால் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷோ இறுகிய பேரிங்கோ காரணமாகலாம். அசைந்தால் பழுது மோட்டாருக்கு முன்னுள்ள வழியில் இருக்கிறது.

அவ்வழியிலும் காட்சி ஏமாற்றவல்லது. இவ்வண்டிகளின் ஃபியூஸ்கள் பீங்கான் உடலின் மேல் வெளிப்படையாக ஓடும் உலோகப் பட்டையைக் கொண்டவை. பட்டை அறுபடாமல் இருந்தும் அதன் முனைகளில் படியும் ஆக்சைடு தொடர்பைக் கெடுத்துவிடுவதுண்டு. மோட்டாரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் முழுமையாகக் காட்டக்கூடும். மின்னோட்டமே இல்லாத சுற்றில் மோசமான தொடர்பும் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. மோட்டாரை இணைத்து மின்னோட்டம் பாயவிட்டால்தான் குறை வெளிப்படும். 105 டிகிரியில் மூடுமாறு அமைந்த ஒரு சுவிட்சைத் திறந்த பாத்திரத்துக் கொதிநீரில் இட்டு, மூடவில்லை என்று குறை சொல்வதும் இத்தகையதே. வெறும் நீர் திறந்த வெளியில் 100 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால், அந்தச் சோதனை தொடக்கத்திலேயே தகுதியற்றது.

யோக்கியதை என்னும் இந்நிபந்தனையைச் சமயத்தின் மையக் கேள்விக்குக் கொண்டுவந்தவர் நையாயிகரான உதயனர். நியாய குசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில், கடவுள் காணப்படவில்லை ஆகவே இல்லை என்னும் வாதத்தை அவர் எதிர்கொள்கிறார். புலனுக்குரிய பொருளாகக் கடவுள் கூறப்படவே இல்லை ஆகையால், காணப்படாமை இங்கே தகுதியுடைய காணப்படாமை அன்று என்பது அவருடைய மறுப்பு. காணாததெல்லாம் இல்லை என்னும் சார்வாகர், வீட்டைவிட்டு வெளியே வந்ததும் மனைவி மக்கள் இல்லையென்றே அழ வேண்டியிருக்கும் என்று அவர் நகையாடவும் செய்கிறார்.

தருக்க அளவில் இம்மறுப்பு வலுவானது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. விசிறியைப் பொறுத்தவரை, எந்த வெப்பத்தில் அது சுழன்றாக வேண்டும் என்பது சோதிப்பவரின் விருப்பத்தைச் சாராமல் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் சுழற்சி, அசைவின்மை இரண்டும் சான்றாகின்றன. நோய் தீர்ந்தபோது கடவுள் வெளிப்பட்டார் என்று சொல்லி, தீராதபோது அவர் வெளிப்பாட்டுக்குரியவர் அல்லர் என்று சொல்பவர், விசிறி சுழன்றால் சுற்று நலம், சுழலாவிட்டால் வெப்பம் போதவில்லை என்று எப்போதும் கூறிக்கொண்டிருப்பவராகிறார். அவருடைய கூற்றை எந்த நிகழ்வும் மறுக்க முடியாது, ஆகவே எந்த நிகழ்வும் நிறுவவும் முடியாது. உதயனர் இப்பிழையைச் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காணப்படாமையின் வலுவை நீக்கியது கடவுளை நிறுவியதாகாது என உணர்ந்தே, உலகம் ஒரு காரியம் என்பது முதலான வேறு ஏதுக்களை அவர் ஐந்தாம் பகுதியில் தனியாக முன்வைக்கிறார். அவை நிற்கின்றனவா என்பது அவற்றின் வலுவைக் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டியது.

ஆகவே யோக்கியதை என்னும் நிபந்தனை இரு தரப்பாரையும் ஒரே அளவில் கட்டுப்படுத்துகிறது. எந்நிலையில் கடவுள் தெரிந்தாக வேண்டும் என்று வரையறுக்காமல், தெரியவில்லை என்பதைக் கொண்டு மறுப்பதற்கு நாத்திகருக்கு உரிமையில்லை. அதே வரையறையைத் தர மறுத்துக்கொண்டு, விரும்பிய நிகழ்வுகளை மட்டும் சான்றாகக் காட்டுவதற்கு ஆத்திகருக்கும் உரிமையில்லை.